இடைப்படை தோன்றும் வகை

பல்லேகல, கண்டி ஆகிய இடங்களில் இல்லங்களிற் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்பெறும் அலங்கார மீன்களுள் வரிக்குதிரை மீனும் ஒன்று. நீலக் கோடுகள் தலைமுதல் வால்வரை ஓடும் இச்சிறு மீன் கங்கைச் சமவெளி ஆறுகளுக்குரியது. 1822 ஆம் ஆண்டிற் பிரான்சிசு ஹமில்ற்றன் இதனை விவரித்து எழுதினார். இன்று அறிவியலுலகில் இது பெற்றுள்ள புகழ் அதன் அழகால் வந்ததன்று. இதன் முளையம் தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடிபோலத் தெளிவாக வளர்கின்றது. ஆதலின் உடல் உருவாகுமாற்றை உருப்பெருக்கியின் வழியே நேரிற் காணலாம்.

முட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர். முதலிற் கலங்கள் மஞ்சட்கருவின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும். கருக்கட்டி ஆறு மணி நேரமளவில் விளிம்பிலுள்ள கலங்கள் உட்புறமாகச் சுருண்டு நுழைய, மூன்று படைகள் பிரிகின்றன. புறப்படையினின்று தோலும் மூளையும், அகப்படையினின்று குடலும், இவற்றிடையே அமைந்த இடைப்படையினின்று இதயம், குருதி, தசை, சிறுநீரகம் என்பனவும் தோன்றும். எல்லாக் கலங்களும் ஒரே முட்டையின் வழித்தோன்றல்கள். அங்ஙனமாக, இன்ன கலம் இன்ன படையாகுக என விதிப்பது யாது?

விளிம்புப் பகுதியிற் சுரக்கும் 'நோடல்' இனச் சைகைப் புரதங்களே அவ்விதியை வகுப்பன. அவற்றுள் 'ஸ்குயின்ற்', 'சைக்கிளப்சு' என்னும் இரண்டு தலையாயவை. இவ்விரண்டையும் இழந்த முளையங்களில் இதயமில்லை, குருதியில்லை, குடலுமில்லை; வாற்பகுதியில் மட்டும் சிறிது தசை எஞ்சியது. இஃது 1998 இல் வெளிப்பட்டது. சைக்கிளப்சு மட்டும் குறைந்தால் இரு கண்களும் ஒன்றாகிவிடும். பெயரிட்டவர்கள் கிரேக்கரின் ஒற்றைக்கண் அரக்கனை மறந்தாரல்லர்!

இப்புரதம் உண்டா இல்லையா என்பதைவிட, எவ்வளவு உண்டு என்பதே பெரிது. சுரக்குமிடத்தை அடுத்து அதன் அளவு மிகுதி. அங்கே அகப்படை பிறக்கும். சற்று அப்பால், குறைந்த அளவில், இடைப்படை பிறக்கும். அதற்கும் அப்பாற்பட்ட கலங்கள் நரம்பும் தோலுமாகும். ஸ்குயின்ற் தொலைவிலுள்ள கலங்களையும் நேரே சென்று தாக்கும் என்றும், சைக்கிளப்சு அண்டையோடு நின்றுவிடும் என்றும் சென், ஷியர் என்போர் 2001 இற் காட்டினர்.

நோடல் தன் பகையையும் தானே படைக்கின்றது. அதன் தூண்டலால் எழும் 'லெவ்ற்றி' என்னும் புரதம் அதனினும் விரைந்து பரவி அதனைத் தடுக்கும். லெவ்ற்றி இல்லையேல் இடைப்படை வரம்பு கடந்து பெருக, முளையம் மடியும். எனினும் 2017 இல் ஒரு வியப்பு நேர்ந்தது: லெவ்ற்றியற்ற முளையங்களை நோடலை அடக்கும் மருந்து கலந்த நீரில் வைத்தபோது, அவற்றுட் சில இனம்பெருக்கவல்ல மீன்களாகவே வளர்ந்தன. ஆனால் நோடலின் அளவு எதிர்பாராது சிறிது மிகுந்தவிடத்து, மருந்தால் அதனைச் சரிசெய்ய இயலவில்லை; லெவ்ற்றி உடைய முளையமோ அதனைத் தாங்கிக்கொண்டது.