போக்கர் ஆட்டமும் நிகழ்தகவுக் கணக்கும்

சீட்டாட்டத்தில் வெல்பவனை அதிர்ஷ்டசாலி என்பது உலக வழக்கு. அடுத்து விழும் சீட்டு எது என்பது ஆடுபவன் கையில் இல்லை. ஆயினும், அதற்காக எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்பது அவன் கையில்தான் உள்ளது. இவ்வேறுபாட்டை விளக்குவதற்குப் போக்கர் ஆட்டம் தக்க சான்றாகும்.

டெக்ஸாஸ் ஹோல்டம் என்னும் போக்கர் வகையில், ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். மேலும் ஐந்து சீட்டுகள் அனைவரும் காணும்படி மேசைமேல் படிப்படியாக விரிக்கப்படும். இவ்வேழில் சிறந்த ஐந்தைக் கொண்டே வெற்றி முடிவு செய்யப்படும். இடையிடையே கட்டப்படும் பந்தயத்தொகை நடுவில் சேரும். ஈடு கொடாதவன் விலகவேண்டும்.

ஒருவன் கையில் இரண்டு இஸ்பேட் சீட்டுகளும், மேசைமேலுள்ள நான்கு சீட்டுகளில் இரண்டு இஸ்பேட்டுகளும் உள்ளன எனக் கொள்வோம். கடைசிச் சீட்டும் இஸ்பேட்டானால் அவன் வெல்வான்; இன்றேல் தோற்பான். 52 சீட்டுகளில் அவன் கண்டவை 6, காணாதவை 46, அவற்றுள் இஸ்பேட் 9. எனவே வெற்றியின் நிகழ்தகவு 46இல் 9, அதாவது ஏறத்தாழ 20 விழுக்காடு.

எதிராளியின் பந்தயம் உட்பட நடுவில் 100 ரூபாய் இருக்கிறது; இவன் கொடுக்கவேண்டியது 20 ரூபாய். இந்நிலை 46 முறை நேர்ந்தால், சராசரியாக 9 வெற்றிகளில் 900 ரூபாய் வரவு. 37 தோல்விகளில் 740 ரூபாய் செலவு. ஈடு கொடுப்பதே முறை. கொடுக்கவேண்டியது 40 ரூபாயானால் செலவு 1,480 ஆகிவிடும். அப்போது விலகுவதே அறிவுடைமை. சீட்டு மாறவில்லை; விலை மாறியது, முடிவும் மாறியது.

எதிராளியின் இயல்பை அறிவதும் இக்கணக்கின் பகுதியே. நடுவில் 100 ரூபாய் உள்ளபோது எதிராளி 100 ரூபாய் பந்தயம் கட்டுகிறான். 200 ரூபாய் பெறுவதற்கு 100 ரூபாய் கொடுக்கவேண்டும். ஆகவே, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவன் வலிமையற்ற சீட்டுடன் ஏமாற்றுப் பந்தயம் கட்டுபவனாயின், ஈடு கொடுக்கலாம். அவனது முகக்குறியைவிட, முன்னைய ஆட்டங்களில் எப்போது எவ்வளவு கட்டினான் என்ற பதிவே நம்பத்தக்கது. ஆனால் இரண்டு மூன்று ஆட்டங்களைக் கண்டு முடிவு கட்டலாகாது. புதிய சான்று கிடைக்குந்தோறும் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

ஏமாற்றுப் பந்தயமும் கணக்குக்கு உட்பட்டதே என்பதை ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் ஆகியோர் 1944ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினர். 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ராட்டஸ் என்னும் கணிப்பொறி நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 ஆட்டங்களில் வென்றது. அது எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆசிரியர்கள் இதனைப் பணமின்றியே கற்பிக்கலாம். 46 புளியங்கொட்டைகளை ஒரு பையிலிட்டு, 9இல் மட்டும் குறியிடுக. மாணவர் ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு மீண்டும் பையிலிடவேண்டும். பத்து முறையில் விளைவு பெரிதும் மாறுபடும். பல நூறு முறையில் ஐந்தில் ஒன்றை நெருங்கும்.

பணம் வைத்து ஆடுவோர்க்கு இக்கணக்கு காப்பன்று. அனைவரும் கணக்கறிந்து ஆடினும், ஆட்டம் நடத்துவோர் எடுக்கும் பங்கு ஆடுவோரின் மொத்தத் தொகையைக் குறைத்துக்கொண்டே வரும். பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்து 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

நன்கு ஆராய்ந்து விதைத்த பயிரும் மழை பொய்த்தால் கருகும்; ஆராயாது விதைத்ததும் சில ஆண்டு விளையும். ஒருமுறை கிடைத்த விளைவைக் கொண்டு முடிவின் தரத்தை அளத்தல் பிழை. அன்று அறியக் கிடைத்தவற்றை முறையாக எடைபோட்டோமா என்பதே சரியான கேள்வியாகும்.