நொதிக்கும் பீரும் வெப்பக் கட்டுப்பாடும்
முளைகட்டிய பார்லிச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதே நொதித்தல். அப்போது ஈஸ்ட்டே வெப்பத்தை வெளிவிடுவதால், கலனுக்குள் இருக்கும் சாறு அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடேறும். ஆகவே, வீட்டில் பீர் தயாரிப்போர் அறையின் வெப்பத்தை அன்றி, கலனின் பக்கத்தில் வெப்பமானியை ஒட்டி அளப்பதே முறையாகும்.

பீரின் இரு பெரும் பிரிவுகளில், ஏல் வகைகள் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரி செல்சியசிலும், லாகர் 8 முதல் 13 டிகிரியிலும் செம்மையாக நொதிக்கும். வெப்பம் மிகுந்தால் பழ மணம் தரும் எஸ்டர் என்னும் சேர்மங்கள் பெருகும். பவேரியக் கோதுமை பீருக்கு அதன் வாழைப்பழ மணமே அழகு, லாகருக்கோ அது பெருங்குறை. இப்படி வெப்பம் மிகும் கோடையில் பீர் கெட்டுப்போனதால், 1553இல் பவேரியா ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதையே தடைசெய்தது.

லாகர் நொதித்து முடியும் தறுவாயில் வெப்பத்தை 16 டிகிரிக்குச் சற்றே உயர்த்தினால், வெண்ணெய் வாடை வீசும் டைஅசெட்டைலை ஈஸ்ட்டே உட்கொண்டுவிடும்.