தளர்ந்த ஆணியும் செயற்கைக் கூரையும்

வட அமெரிக்காவில் கேதுரு மரத்தைச் சிறு பலகைகளாகப் பிளந்து, மீன் செதிள்போல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு கூரை வேய்தல் நெடுநாளைய வழக்கு. அப்பலகையை ஷேக் என்பர். அஃது எளிதில் தீப்பற்றுவதும் உளுத்துப்போவதும் ஆகலின், அதன் தோற்றத்தை ஒப்பப் பிளாஸ்டிக், ரப்பர் முதலியவற்றால் வார்த்த செயற்கைப் பலகைகளை இக்காலத்தார் பலர் விரும்புகின்றனர். இவை உளுத்துப்போகா. ஆயினும், இவற்றைப் பிணித்து நிற்பன ஆணிகளே. அவை தளருமாயின் பலகையின் நெடுவாழ்வால் பயன் யாது?

ஆணி தளர்தற்குக் காரணங்கள் மூன்று கூறலாம். கீழுள்ள மரத்தளம் ஈரத்தால் பருத்தும் வெப்பத்தால் உலர்ந்து சுருங்கியும் ஆணியைச் சிறிது சிறிதாக மேலே தள்ளுதல் ஒன்று. செயற்கைப் பலகை வெப்பத்தால் மரத்தினும் மிகுதியாக விரிவதாகலின், இடைவெளியின்றி நெருக்கிப் பதித்தவிடத்து ஆணியை அலைத்தல் மற்றொன்று. மூன்றாவது, அடித்தவர் பிழை. மிகையாக அடிப்பின் ஆணித்தலை பலகையைக் கிழித்துப் புதையும். குறைய அடிப்பின் மேல்வரிசைப் பலகையை முட்டி உயர்த்தும். அவ்வழியே காற்றும் மழையும் புகும்.

எழும்பிய ஆணியைப் பழைய துளையிலேயே மீண்டும் அடித்து இறக்குதல் மருந்தாகாது. அகன்ற துளை ஆணியைப் பற்றாது. மேல்வரிசைப் பலகையைத் தட்டையான நெம்புகோலால் மெல்ல உயர்த்தி, அவ்வாணியைப் பிடுங்கி, துளையைக் கூரைப் பசையால் அடைத்து, அருகே உறுதியான மரத்தில் புதிய ஆணி அடித்தல் வேண்டும். குளிரில் பலகை விறைத்து வெடிக்கக்கூடுமாதலின் வெதுவெதுப்பான நாளே இதற்கு ஏற்றது. புதிய ஆணி துருவேறாததாய், உடலில் வளைய வரிகள் உடையதாய் இருத்தல் நன்று. அது தளத்துள் முக்கால் அங்குலமேனும் இறங்குதல் வேண்டும். தளம் அதனினும் மெல்லிதாயின் ஊடுருவுதல் வேண்டும். தலை பலகையோடு ஒட்டி நிற்கலாம். அதனை அழுத்துதல் கூடாது.

தளமே நனைந்து மென்மையுற்றிருப்பின் எவ்வாணியும் நில்லாது. அப்பகுதியை அகற்றிப் புதிது அமைத்தலே வழி. ஆகவே, கூரைமேல் ஏறுமுன் அதன் அடிப்புறத்தை விளக்கொளியில் நோக்கி, ஈரக்கறையும் துருவேறிய ஆணிமுனையும் உளவோ எனக் காண்க. ஓராணி தளர்தல் தற்செயலாகலாம். ஒரே பக்கத்தில் பல தளர்ந்திருப்பின், குற்றம் தளத்தினதோ பதித்த முறையினதோ என ஆராய்தல் வேண்டும். காரணத்தை நீக்காது ஆணியை மட்டும் மாற்றுவோர் அடுத்த மழையிலும் அவ்வேலையையே செய்ய நேரும்.