முதல் டிராக் டே: யாரை நம்பிக் காரை இறக்குவது?

டெல்லி லோதி ரோடு அகலமான சாலை. இருபுறமும் மரங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டி நடமாட்டம் குறைந்திருக்கும்போது, நல்ல எஞ்சின் வைத்திருக்கும் எவருக்கும் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை முழுக்க மிதித்துப் பார்க்கலாமே என்று கால் துறுதுறுக்கும். லோதி தோட்டத்துக்கு நடக்க வரும் பெரியவர்கள் சாலையைக் கடப்பதும் அந்த நேரத்தில்தான். மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வண்டிகளை வேகப்போட்டிக்கு விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் வேகத்தின் மீதுள்ள ஆசையைச் சட்டம் போட்டு அணைத்துவிட முடியாது. அதற்கென்று கட்டிய இடத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டும்.

அந்த இடம் லோதி ரோட்டிலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. நொய்டா விரைவுச்சாலையைப் பிடித்து யமுனா விரைவுச்சாலைப் பக்கம் போனால் புத்த் சர்வதேச சர்க்யூட். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் டில்கே வடிவமைத்த இந்தத் தடத்தின் நீளம் 5.125 கி.மீ., வளைவுகள் 16. 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் இங்கே ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது; மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். 2023 செப்டம்பரில் மோட்டோஜிபி பைக் பந்தயம் வந்தது. பெரிய பந்தயம் இல்லாத நாட்களில் இப்படிப்பட்ட தடங்களைக் கிளப்புகளும் நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு சாதாரண கார்க்காரர்களை உள்ளே விடுகிறார்கள். இதற்குப் பெயர்தான் டிராக் டே. தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு இடங்கள் நெடுநாளாக இருக்கின்றன. சோழவரம் விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் அமைத்தது, நீளம் 3.717 கி.மீ. கோவை செட்டிபாளையத்தில் பந்தய ஓட்டுநர் கரிவரதன் பெயரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. மட்டுமே. புதியவர்களுக்குச் சின்னத் தடமே நல்லது என்பது என் எண்ணம். நேர்ப்பாதை குட்டை, வேகம் ஏறுவதற்குள் வளைவு வந்துவிடும், ஒரே வளைவைத் திரும்பத் திரும்பப் பழகலாம்.

டிராக் டே பந்தயம் கிடையாது. வெற்றியாளர் இல்லை, கோப்பை இல்லை. 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு வண்டியைத் தடத்தோரம் உள்ள பிட்டுக்குக் கொண்டுவந்து ஆறவிட்டு, மறுபடி இறங்குவார்கள். அனுபவத்தை வைத்து ஓட்டுபவர்களை இரண்டு மூன்று குழுவாகப் பிரித்துத் தனித்தனியாக அனுப்புவார்கள். வளைவுக்கு எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே ஸ்டியரிங்கைத் திருப்புவது, எங்கே மறுபடி ஆக்ஸிலேட்டரைத் தொடுவது என்று கற்றுக்கொள்வதுதான் அன்றைய வேலை. எதிரே லாரி வராது, குறுக்கே ஆள் வராது என்ற ஒரே காரணத்தால் இது பாதுகாப்பாகிவிடாது. பாதுகாப்பு முழுக்க முழுக்க நடத்துபவர் கையில் இருக்கிறது. ஒருவர் சரியாக நடத்துகிறாரா என்று பணம் கட்டுமுன் எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: கடைசியாக எப்போது, எதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பினீர்கள்? டயர் தேய்ந்திருந்தது, ஹெல்மெட் சரியில்லை, காலை வகுப்புக்குத் தாமதமாக வந்தார், மஞ்சள் கொடியை மதிக்கவில்லை என்று ஏதாவது ஒரு காரணத்தைத் தயங்காமல் சொல்பவரை நம்பலாம். “அதெல்லாம் ஒன்றும் இல்லை சார், நீங்கள் வாருங்கள், ஜாலியாக ஓட்டலாம்” என்பவரிடம் உங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

வண்டிச் சோதனையிலேயே நடத்துபவருடைய தரம் தெரிந்துவிடும். நல்ல இடத்தில் பானெட்டைத் திறந்து பேட்டரி ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்ப்பார்கள். எங்காவது ஆயில் கசிகிறதா, வீல் நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, இழுத்துச் செல்லும் கொக்கி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டிக்கியில் உள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, கதவுப் பையில் உள்ள தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்வார்கள். உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கும் ஒரு பாட்டில் போதும், காரும் காலும் போய்விடும். முக்கியமாக, பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பார்கள்.

இந்த பிரேக் ஆயில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் டிராக் டேயில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. நகரத்தில் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துகிறோம். புத்த் தடத்தில் மூன்றாம் வளைவுக்கும் நான்காம் வளைவுக்கும் நடுவே 1 கி.மீ.க்குச் சற்று மேல் நேர்ப்பாதை இருக்கிறது. சாதாரண செடான்கூட அதன் முடிவில் 180-ஐத் தொடலாம். வேகம் மும்மடங்கு என்றால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்பது மடங்கு. அத்தனையும் வெப்பமாகி டிஸ்க்கிலும் பேடிலும் இறங்கி, அங்கிருந்து பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் இயல்புள்ளது. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கான வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். ஆகவே மிதிக்கும் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் குமிழிலேயே அடங்கிவிடும். ஈரத்துணி மூட்டையை மிதித்ததுபோல் பெடல் தொளதொளவென்று உள்ளே போகும். அதுவரை ஐந்து சுற்று அருமையாகப் பிடித்த பிரேக் ஆறாவது சுற்றில் இல்லாமல் போவது இப்படித்தான்.

அதனால் டிராக் டேக்கு முந்தைய வாரம் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள், பேடின் கனத்தையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அமர்விலும் கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி, வண்டியை ஆறவிட்டு பிட்டுக்குள் வாருங்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும்; கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். டயர் சூடானால் காற்றழுத்தம் ஏறும், ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் அளந்து பாருங்கள். இவ்வளவையும் நீங்கள் கேட்காமலே சொல்லித் தரும் ஏற்பாட்டாளர் இருந்தால், அவர் கேட்கும் கட்டணம் கூடுதலாகத் தோன்றினாலும் கொடுக்கலாம்.

அடுத்து காலை வகுப்பு. வருகைப் பதிவு எடுத்து, வராதவர்களைத் தடத்தில் விடாத வகுப்பாக இருக்க வேண்டும். கொடிகளைப் பற்றி அங்கேதான் சொல்வார்கள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து. வேகத்தைக் குறை, முந்தாதே. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தடம் வழுக்குகிறது. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. மெதுவாக பிட்டுக்குத் திரும்பு. கறுப்பு என்றால் நீ உள்ளே வா, உன்னோடு பேச வேண்டும். வளைவுக்கு வளைவு கொடியோடு மார்ஷல் நிற்கிறாரா, ஒரு மார்ஷலுக்கு அடுத்தவர் கண்ணுக்குத் தெரிகிறாரா என்று முதல் சுற்றிலேயே பாருங்கள். அந்த முதல் ஒன்றிரண்டு சுற்று, வழிகாட்டி வண்டிக்குப் பின்னால் மெதுவாகப் போய்த் தடத்தை அறிமுகம் செய்துகொள்வதற்கானது. அதுவே இல்லாமல் நேராக அவிழ்த்துவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

முந்துவதற்கான விதிதான் உயிர்நாடி. புதியவர் குழுவில் வளைவில் முந்தக் கூடாது. குறிப்பிட்ட நேர்ப்பாதைகளில் மட்டுமே, அதுவும் முன்னால் போகிறவர் கையை வெளியே நீட்டியோ இண்டிகேட்டர் போட்டோ ‘இந்தப் பக்கமாகப் போ’ என்று காட்டிய பிறகே முந்தலாம். இந்த விதி இருந்தால் முடிவு இருவருக்கும் தெரிந்தே நடக்கிறது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வளைவில் திரும்ப வேண்டிய அவதி இல்லை. அனுபவசாலிகளையும் புதியவர்களையும் ஒரே நேரத்தில் இறக்கிவிட்டு “எல்லாரும் பார்த்து ஓட்டுங்கள்” என்று சொல்லும் நிகழ்ச்சியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பக்கத்து இருக்கையில் பயிற்றுநர் உட்கார்கிறாரா என்றும் கேளுங்கள். அவர் சும்மா ‘இன்னும் வேகம், இன்னும் வேகம்’ என்பவராக இருக்கக் கூடாது. இருங்காட்டுக்கோட்டையில் பைக்குகளுக்காக நடக்கும் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் தொடக்கப் பயிற்சியை ஒரே கியரில், பிரேக்கைத் தொடாமல் ஓட்டச் சொல்லியே ஆரம்பிக்கிறது. வேகத்தைக் கட்டிப்போட்டால்தான் கண் வளைவைப் படிக்கும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 20 கி.மீ.க்கும் மேல் நீண்ட பழைய தடத்தைச் சில நாட்களில் கட்டணச் சாலையாகவே திறந்துவிடுகிறார்கள். காசு கட்டினால் யாரும் போகலாம், காலை வகுப்பும் இல்லை, குழுப் பிரிப்பும் இல்லை. உலகப் புகழ்பெற்ற இடம்தான். முதல் முறை தடத்தில் இறங்குபவருக்கு ஏற்ற இடம் மட்டும் அது ஆகாது.

ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அந்த ஆம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால் தடத்தை மூடுவீர்களா? இரண்டாவது ஆம்புலன்ஸ் இருக்க வேண்டும், அல்லது முதலாவது திரும்பும் வரை ஒரு வண்டியும் ஓடக் கூடாது. வேறு எந்தப் பதிலும் எனக்குச் சம்மதமில்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் தேசிய கார் பந்தயத்தின்போது 59 வயது அனுபவசாலி ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கேயே பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவனை இழந்தோம். அவை பந்தயங்கள். மருத்துவ ஏற்பாடு செய்து முறையாக நடத்தப்பட்டவை. அங்கேயே இப்படி நடக்கும் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று விளம்பரம் செய்பவருக்கு இந்த ஏற்பாட்டில் எதையும் குறைக்க உரிமை இல்லை.

வானிலையும் இதில் சேர்ந்ததே. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகமான மௌசம் பவன் லோதி ரோட்டில்தான் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கிருந்து வரும் அடர்மூடுபனி எச்சரிக்கையை டிராக் டேக்குப் போகிறவர்களும் படிக்க வேண்டும். பனியில் மார்ஷல் கொடியே கண்ணுக்குத் தெரியாது. 2017-ல் ஷாங்காயில் மங்கலான வானத்தால் மருத்துவ ஹெலிகாப்டர் மருத்துவமனையில் இறங்க முடியாது என்பதற்காக ஃபார்முலா 1 வெள்ளிக்கிழமைப் பயிற்சியையே நிறுத்திவைத்தார்கள். வெயிலும் அப்படித்தான்: 2023 மோட்டோஜிபியில் புத்த் தடத்து வெக்கையைப் பார்த்து 24 சுற்றை 21 ஆகக் குறைத்தார்கள். ஆகவே பனி விலகும் வரை காத்திருக்க வைக்கிற, நண்பகலில் ஓய்வு விடுகிற நிகழ்ச்சி நல்ல நிகழ்ச்சி.

தடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 2011-ல் புத்தின் முதல் ஃபார்முலா 1 பயிற்சியின்போதே ஒரு தெருநாய் தடத்துக்குள் புகுந்து ஓட்டத்தை நிறுத்தவைத்தது. அவ்வளவு காவல் போட்ட நாளிலேயே அப்படி என்றால், சாதாரண ஞாயிறு அன்று வேலி, வாயில், காவலாளி எல்லாம் எப்படி என்று விசாரிப்பதில் தப்பில்லை. வளைவோரக் கரைக்கல்மீது ஏற வேண்டாம். அந்த 2011 வார இறுதியிலேயே ஃபெலிப்பே மாஸாவின் ஃபெராரி அதில் மோதி இருமுறை சஸ்பென்ஷனை இழந்தது.

பணக் கணக்குக்கு வருவோம். உங்கள் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்ற பகுதியைப் படியுங்கள். இந்தியாவில் தனியார் கார் பாலிசிகள் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் பொதுவாகவே விலக்கிவைக்கின்றன. தடத்தில் காரை இடித்தால் செலவு உங்களுடையது என்று வைத்துக்கொண்டே போங்கள். கையெழுத்து கேட்கும் பொறுப்பு விலக்குப் படிவத்தை முன்கூட்டியே வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். வாசலில் நீட்டி அவசரப்படுத்துபவரிடம் எச்சரிக்கை தேவை. புத்த் சர்க்யூட்டின் நில ஒதுக்கீட்டை யமுனா விரைவுச்சாலை ஆணையம் 2020-ல் ரத்து செய்தது; அது நீதிமன்ற வழக்கானது. ஆகவே குறிப்பிட்ட தேதிக்குத் தடம் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா, நிகழ்ச்சி நின்றால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பந்தயம் என்று பெயர் போட்டிருந்தால் இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பின் அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1971-ல் தொடங்கிய அந்த அமைப்புதான் நம் நாட்டில் மோட்டார் பந்தயங்களை ஒழுங்குபடுத்துகிறது.

உடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டை, நீளக் கால்சட்டை, மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ, அளவாகப் பொருந்தும் முழுமுக ஹெல்மெட் போதும்.

முதல் முறை காரை எடுத்துக்கொண்டு போகாமல் வெறும் பார்வையாளராக ஒரு நிகழ்ச்சிக்குப் போய் வாருங்கள். வகுப்பில் பின்வரிசையில் உட்காருங்கள், மார்ஷல்களை எண்ணுங்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வண்டியில் இருக்கிறாரா என்று பாருங்கள். திருப்தி என்றால் அடுத்த முறை பெயர் கொடுங்கள். அன்று சுற்று நேரத்தை அளக்கும் செயலியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.