கூரைத் தகட்டில் கை வைக்கும் முன்...

பழைய லயம் இடிபடுகிறது என்றால் நம்மவர்களுக்குச் சும்மா இருக்க முடியாது. "நல்ல தகடு, வீணாப் போகுதே" என்று தூக்கி வந்து, கோழிக்கூண்டுக்கும் குளியலறைக்கும் கூரையாகப் போட்டுவிடுவோம். சிக்கனம் நல்லதுதான். ஆனால், அது ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால்?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் கல்நார். சிமெண்டில் கலந்தால் தகடு உறுதிப்படும், தீப்பிடிக்காது. அதனால்தான் ஒரு காலத்தில் கூரை, சீலிங், குழாய் எல்லாவற்றிலும் சேர்த்தார்கள். வெள்ளையோ பழுப்போ நீலமோ, எந்த வகையானாலும் அது புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் உறுதியாகச் சொல்லிவிட்டது.

"இத்தனை வருஷமா இதுக்குக் கீழேதானே படுத்துக்கிட்டு இருக்கோம்!" என்பீர்கள். நியாயமான பேச்சு. உடையாமல், உதிராமல் இருக்கும் தகட்டால் ஆபத்து மிகக் குறைவு. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால், பாசி போகத் தேய்த்தால்தான் வினை. கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். நோய் உடனே வராது. இருபது, நாற்பது வருஷம் கழித்து வரும். சிகரெட், சுருட்டு பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இன்னும் பல மடங்கு.

வெறுங்கண்ணால் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில்தான் சோதிக்க வேண்டும். சிங்கப்பூரில் 1989 முதல் கட்டடங்களுக்கு இதைப் பயன்படுத்தத் தடை. 1991க்கு முன் கட்டியதை இடிப்பதானால், முதலில் தகுதி பெற்றவர் பரிசோதிக்க வேண்டும் என்பது அங்கே 2014ஆம் ஆண்டு விதி. மலேசியாவிலும் ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கு 1986இல் விதிகள் வந்தன.

நம் லயங்களுக்கும் ஒரு கணக்கு வேண்டாமா? எந்த வீட்டில், எந்தக் கூரையில், என்ன நிலையில் இருக்கிறது என்று நிர்வாகம் எழுதி வைக்கட்டும். அந்த இடத்தில் எச்சரிக்கை ஒட்டட்டும். வருஷம் ஒருமுறை பார்த்து, உதிரத் தொடங்கியதை மாற்றட்டும். பழுது பார்க்க வரும் ஆளுக்கு, ஏணி வைக்கும் முன்பே அந்தக் கணக்கைக் காட்டட்டும். தொழிற்சங்கத் தலைவர் வழியாக இதைக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

அதுவரை, சந்தேகமான தகட்டில் ஆணி அடிக்காதீர்கள். புயலில் உடைந்து விழுந்தால் பிள்ளைகளை அருகே விடாதீர்கள். விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், தூசி பறக்காமல் மெதுவாகத் தண்ணீர் தெளித்து, அப்படியே விட்டு ஆபீசுக்குச் சொல்லுங்கள். அதை அகற்றுவது பயிற்சி பெற்றவர் வேலை. மூக்கில் துணி கட்டினால் இந்தத் தூசி நிற்காது. தூசி பட்ட சட்டையை உதறாமல், நனைத்துத் தனியாகத் துவையுங்கள்.

தகடு போனால் வேறு தகடு வாங்கலாம். நுரையீரல் கெட்டுப்போனால் எந்தக் கடையில் போய் வாங்குவது?