அந்திக் கதிரும் மணமக்கள் படமும்: ஒரு சமூகவியல் நோக்கு

மணமக்களை ஞாயிறு சாயும் வேளையில் திறந்தவெளியில் நிறுத்திப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் ஈழத்துத் தமிழரிடையே இன்று வேரூன்றியுள்ளது. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரத்திலும், காரைநகர்க் கசூரினாக் கடற்கரையிலும், கொழும்புக் காலிமுகத் திடலிலும் இக்காட்சியைக் காணலாம். இதனை வெறும் நாகரிக மோகமென ஒதுக்குவோர் உளர். அழகுணர்ச்சியின் இயல்பான வெளிப்பாடென மெச்சுவோரும் உளர். இரு சாராரும் பொருளின் புறத்தோற்றத்தோடு நின்றுவிடுகின்றனர். ஒரு கலைவடிவத்தைச் சாத்தியமாக்கும் தொழினுட்பத்தையும், அதனை வேண்டிநிற்கும் சமூக உறவுகளையும் ஒருங்கே நோக்கும்போதுதான் அதன் உண்மை இயல்பு புலப்படும்.

முதலில் ஒளியை நோக்குவோம். உச்சியில் நிற்கும் ஞாயிற்றின் கதிர் கடக்கும் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 38 மடங்கு வளியை, அடிவானில் நிற்கும் ஞாயிற்றின் கதிர் கடந்துவர வேண்டும். வளியின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பு ஒளியிலும் நான்கு மடங்கு வரையில் அதிகமாகச் சிதறடிக்கின்றன. எஞ்சி வருவது செம்பொன் நிற ஒளி. அது கிடையாக வருவதால் நண்பகல் வெயில் கண்குழிகளிலும் நாடியின் கீழும் வீழ்த்தும் கருநிழல் இல்லாது போகிறது. பட்டுச் சேலையின் மடிப்பும் சரிகையும் துலங்குகின்றன. ஒளி மணமக்களின் பின்னிருந்து வருமாயின், வானத்திற்கு ஏற்ப ஒளியளவைக் கணித்தால் உருவங்கள் கருநிழலாகும். முகத்திற்கு ஏற்பக் கணித்தால் வானம் வெளிறிவிடும். இம்முரண்பாட்டைத் தணிக்கவே படப்பிடிப்பாளர் வெண்தட்டியால் ஒளியைத் தெறிக்கச் செய்கிறார், அல்லது மெல்லிய பிளாஷ் ஒளியைச் சேர்க்கிறார். கமராவின் தன்னியக்க நிறச் சீராக்கம் அந்திச் செம்மையைக் 'குறை'யெனக் கருதித் திருத்திவிடக் கூடுமாதலால், அதனைப் பகலொளி நிலையில் நிறுத்திவைப்பதும் வழக்கம்.

இத்துறைக் கைந்நூல்கள் பல வட அகலக்கோட்டு நாடுகளில் எழுந்தவை. சமவிராக் காலத்தில் இலண்டனில் ஞாயிறு 6 பாகை உயரத்திலிருந்து அடிவானை அடைய 40 நிமிடமளவு செல்லும். யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 25 நிமிடமே. நம் படப்பிடிப்பாளரின் உழைப்பு இக்குறுகிய பொழுதுக்குள் நெருக்கப்படுகிறது. எவருக்கும் உடைமையாகாத கதிரொளி, மணிக்கணக்கில் விலைபேசப்படும் பண்டமாக மாறுவதும் இக்குறுக்கத்தினாலேயே.

அந்தி வானத்திற்கு முன்பு அவ்விடத்தில் இருந்தது ஸ்ரூடியோவின் வரையப்பட்ட திரைச்சீலை. ஆரம்பகால ஐரோப்பிய ஸ்ரூடியோக்களில் கம்பளத்தின்மீது தூணை நாட்டிய பொருந்தாமையை வோல்ற்றர் பெஞ்சமின் 1931இல் எழுதிய புகைப்படம் பற்றிய கட்டுரையில் எள்ளி நகைத்தார். வரைந்த மாளிகைப் படிக்கட்டின் முன் நின்ற நம் பாட்டன் பாட்டியரின் படங்களும் அத்தகையனவே. ஆயினும் அக்கால மணப்படங்களில் சுற்றத்தார் வரிசையாக நின்றனர். மூத்தோர் இருந்தனர், இளையோர் நின்றனர். பிரான்சின் கிராமத்தாரிடையே மணப்படம் குடும்பக் குழுவின் ஒருமைப்பாட்டை உறுதிசெய்யும் சடங்காகவே இயங்கியதைப் பியர் பூர்தியூ 1965இல் வெளியான ஆய்விற் காட்டினார். இன்றைய அந்திப் படத்திலோ இருவர் மாத்திரமே உளர். சுற்றம் சட்டகத்திற்கு வெளியே நிற்கிறது.

இம்மாற்றத்தை வெறும் சீரழிவாகக் கொள்வது தவறாகும். நிலவுடைமைக் குடும்ப அதிகாரத்தின் கீழ், மணமக்களின் விருப்பு இரண்டாந்தரமானதாகவே கருதப்பட்டது. இருவர் கைகோத்து வெளியில் நிற்பதும் அதனைக் குடும்பம் ஏற்பதும் வரலாற்று வளர்ச்சியின் அறிகுறிகள். ஆனால் குடும்ப அதிகாரத்திலிருந்து விடுபட்டதாகத் தோன்றும் இக்காதல், உடனடியாகவே சந்தையின் அதிகாரத்திற்குள் நுழைகிறது என்பதே முரண்பாடு. சீதனமும் மண்டபச் செலவும் அவற்றுக்காகப் பட்ட கடனும் படத்தில் இல்லை. படத்தொகுப்பு புலம்பெயர்ந்த உறவினரின் பார்வைக்குச் செல்கிறது. அவர்கள் அனுப்பிய பணத்தின் வரலாறும் அதில் இல்லை.

நிறத்தின் நிலையும் இதுவே. நிறப்படத் தாள்களை நீண்டகாலம் வெள்ளைநிறப் பெண்ணொருத்தியின் படத்தை அளவுகோலாகக் கொண்டே கொடாக் நிறுவனம் சீர்செய்தது. அந்தியின் செம்மை நம்மவரின் கருநிற மேனியை அதன் முழு வனப்போடும் காட்டவல்லது. ஒளி தந்த அவ்வனப்பைக் கணினியில் வெளுத்துவிடும் வழக்கம், மணமகளின் நிறம் விலையாகக் கணிக்கப்படும் சமூகத்தின் கைவேலையேயாகும்.

தமிழிலக்கிய மாணவர்க்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றாதிராது. கடலும் கடல்சார் இடமும் நெய்தலின் நிலம். பொதுவாக ஞாயிறு சாயும் வேளையெனப் பொருள்கொள்ளப்படும் எற்பாடு அதன் சிறுபொழுது. இரங்கல் அதன் உரிப்பொருள். இன்று கூடலின் உச்சத்தைக் காட்டத் தெரிந்தெடுக்கப்படும் அதே நிலமும் பொழுதும் அன்று பிரிந்தோரின் துயருக்கு உரியனவாயிருந்தன. மரபு மாறியது குற்றமன்று. மனங்கொளத்தக்கது வேறொன்று: நெய்தலின் கருப்பொருளில் பரதவரும் மீனும் உப்பும் இடம்பெற்றன. காதலைப் பாடிய புலவனின் கடற்கரை, உழைப்பின் கடற்கரையாகவும் இருந்தது. திணைக் கோட்பாட்டை உற்பத்தி முறைகளின் சமச்சீரற்ற வளர்ச்சியோடு தொடர்புபடுத்தி கா. சிவத்தம்பி 1974இல் விளக்கியமை இவ்வுண்மையைத் தெளிவாக்கிற்று. இன்றைய மணப்படத்திலோ வள்ளம் இருக்கிறது, அதனைச் செலுத்துவோன் இல்லை. வலை அலங்காரமாகிறது, வலை இழுத்த கை இல்லை. படத்திற்கு இடையூறென மீனவரைச் சற்று விலகி நிற்குமாறு கேட்பதும் உண்டு. போர்க்காலத்தில் கட்டுப்பாடுகளால் கடலை இழந்து, 2009இன் பின் மெல்ல மெல்ல மீட்டெடுத்த மக்கள் அவர்கள். தம் தொழிற்களத்தில் அவர்களை விலகச் சொல்லும் உரிமை எவருக்கு உண்டு?

அந்தி ஒளியைத் துறக்குமாறு நாம் கோரவில்லை. படப்பிடிப்பாளர் சில அடி பின்வாங்கி அகன்ற சட்டகமொன்றை எடுக்க அந்த 25 நிமிடம் தாராளமாகப் போதும். அதில் பெற்றோர் நிற்கட்டும், சமைத்தோர் நிற்கட்டும், விரும்பின், வலையைக் கரைசேர்க்கும் மீனவரும் தத்தம் வேலையிலேயே நிற்கட்டும். அவர்கள் மீதும் அதே ஒளிதான் வீழ்கிறது. அத்தகைய படமே அத்திருமணம் எந்தச் சமூகத்தில் நிகழ்ந்ததென்பதைப் பின்வருவோர்க்கு உரைக்கும் ஆவணமாக நிலைக்கும்.