கையில் ஒட்டிய தோல்

காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடச் சந்தையருகே காலை வேளையிற் சற்று நின்று பார்க்கும் நேயர்கள், வெங்காயக் கட்டை அவிழ்ப்பதும் தராசைத் தூக்குவதும் சில்லறை எண்ணுவதும் விரல்களே என்பதைக் காண்பர். அவ்விரல்கள் வெந்து சுருங்கிவிடின் குடும்பத்தின் வருவாயும் உடன் சுருங்கும்.

1990ஆம் ஆண்டின் பின் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலத்தில் வீடுதோறும் ஜாம் போத்தல் விளக்குகள் எரிந்தன. கவிழும் போத்தல் விளக்கு செய்யுங் கேட்டை இலங்கை முழுவதும் அறியும். எளிதிற் கவிழாத விளக்கை அமைத்தமைக்காகச் சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார்.

கை சுட்டவுடன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றி, இருபது நிமிடம் கிணற்று நீரை இடைவிடாது ஊற்றுவதே முதலுதவி. பற்பசையும் மையும் பூசுவது வைத்தியருக்கு வேலையைக் கூட்டுவதேயன்றி வேறில்லை.

ஆழமாக வெந்த இடத்திலே தோல் தானாக முளைப்பது அரிது. ஆதலின் பெரும்பாலும் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து அங்கே பதிப்பர். சிறு தோல் துண்டுகளை இவ்வாறு ஒட்டிக் காட்டியவர் ரெவெர்டன்; ஆண்டு 1869. பதித்த தோலுக்கு முதலிரு நாளும் இரத்த ஓட்டமில்லை; புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சியே அது உயிர் தரிக்கின்றது. பின்னரே நுண்குழாய்கள் இணைகின்றன. ஐந்து முதல் ஏழு நாளில் தோல் பிடித்துவிடும். புகையிலைக் கன்றைப் பிடுங்கி நட்டவர், அது வேர்பிடிக்குமுன் அசைத்துப் பார்ப்பாரோ? அடியில் இரத்தம் தேங்கினும், கட்டு நழுவித் தோல் உராயினும், கிருமி புகினும் ஒட்டுக் கெட்டுப்போம்.

தாதியின் பணி இங்கேதான் நுட்பமானது. கையை நெஞ்சுக்கு மேலாகத் தலையணைகளில் உயர்த்தி வைப்பார். மணிக்கட்டுச் சற்றுப் பின்னாகவும், முட்டிகள் மடிந்தும், விரல்கள் நீண்டும், பெருவிரல் விலகியும் இருக்குமாறு அணைகட்டையிற் பொருத்துவார். விரலிடுக்குகளில் துணி வைப்பது அவை ஒன்றோடொன்று ஒட்டாமைக்காக. விரல் நுனிகளைக் கட்டுக்கு வெளியே விட்டு, நிறம், சூடு, உணர்ச்சி மூன்றையும் அடிக்கடி நோக்குவார். நுனி நீலித்தாலோ, மரத்தாலோ, வலி திடீரெனக் கூடினாலோ, துர்நாற்றம் வீசினாலோ வைத்தியருக்கு உடனே அறிவித்தல் கடன்.

உறவினர் கையையே பார்த்திருப்பர். நோயாளியோ தொடையைக் காட்டி முனகுவார். தோல் எடுத்த இடமே பெரும்பாலும் அதிகம் நோகும். அங்குள்ள கட்டைப் பிய்த்தெடுத்தல் ஆகாது. பத்துப் பதினான்கு நாளில் அடியில் ஆறியபின் அதுவே கழலும். மீனும் முட்டையும் பருப்பும் நன்கு கொடுத்தல் வேண்டும். புகைத்தல் கூடவே கூடாது.

ஒட்டுப் பிடித்தபின் அசையாமை பகையாகும். வைத்தியர் அனுமதித்த நாள்முதல் விரல்களை மடக்கி நிமிர்த்தப் பழகுவித்தல் வேண்டும். நோவென்று விட்டால் மூட்டுக்கள் இறுகிவிடும். வீடு சென்றபின் வாசனையற்ற எண்ணெய் தடவினால் வறட்சியும் அரிப்பும் தணியும். ஓராண்டளவும் வெயில் படாமல் மூடிக்கொள்வது நன்று. புதுத் தோலுக்குச் சூடு சரிவரத் தெரியாதாகையால், பானையைத் தடித்த துணி பிடித்தே இறக்குதல் வேண்டும்.